காளிச்சாமி மாமனோடு டூ

காளிச்சாமிக்குக் கூடப் பிறந்த பெண் என்று ஒருத்தி கிடையாது. அண்ணன், தம்பி என்று வரிசையாக ஆண்கள்தான். தங்கை இல்லாதவரை மாமா என்று யார் கூப்பிடப் போகிறார்கள்? ஆனால் இன்றைக்கு அவரை மாமா என்று கூப்பிடும் பிள்ளைகள் ஸ்பெயினில் இருக்கிறார்கள், இத்தாலியில் இருக்கிறார்கள், அமெரிக்காவில் பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரிலும் இருக்கிறார்கள். அந்த ஊரின் பெயர் அவர் வாயில் நுழையாது. "அதானுங்க, அந்த ஐஸ்பெட்டி ஊரு" என்று சொல்லிச் சமாளித்துவிடுவார்.

கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே திரும்பும் சாலையில், தறிச் சத்தத்துக்கு நடுவே அந்த இல்லம் இருக்கிறது. யாருமற்ற குழந்தைகளை வளர்த்து, முறைப்படி தத்துக் கொடுக்கும் இடம். உள்ளூரிலும் கொடுப்பார்கள், கடல் கடந்தும் கொடுப்பார்கள். காளிச்சாமி அங்கே வேன் ஓட்டுகிறார். அதற்கு முன்னால் மில் பஸ் ஓட்டியவர். அவருடைய மனைவி மாசாணியம்மாள் அதே இல்லத்தில் சமையல். தடுப்பூசிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கடைசியில் ஒரு நாள் விமான நிலையத்துக்கு என்று எந்தக் குழந்தையாக இருந்தாலும் காளிச்சாமியின் வேனில் ஏறித்தான் ஆக வேண்டும்.

அவர் மாமன் ஆனது யாரும் திட்டம் போட்டு நடந்ததல்ல. எழில் என்ற பெண் குழந்தைக்குக் காது குத்த நகைக்கடை சீனிவாசலுவை வரவழைத்திருந்தார்கள். மனிதர் கம்பியையும் கிண்ணத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, "மாமன் யாருங்க? மடியில உக்கார வெச்சாத்தான ஆகும்?" என்று கேட்டார். காது குத்துவதென்றால் தாய்மாமன் மடி வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தாயே யாரென்று தெரியாத குழந்தைக்குத் தாய்மாமனுக்கு எங்கே போவது? இல்லப் பொறுப்பாளர் சண்முகப்பிரியா திருதிருவென்று விழித்தார். அவர் படித்த சமூகப்பணிப் பாடத்தில் இந்தக் கேள்வி வரவில்லை போலிருக்கிறது. வாசலில் நின்றிருந்த காளிச்சாமி வேன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நானுங்க" என்றார்.

அவ்வளவுதான். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மாசாணியம்மாள், "ஏனுங்க, மாமன்னு சொல்லிப்போட்டு வெறுங்கையோட உக்காந்தா நல்லாவா இருக்குது? சித்தெ இருங்க" என்று வீட்டுக்கு ஓடினார். பழம், வெல்லம், பூ, ஒரு சின்னப் பாவாடை என்று தட்டோடு திரும்பி வந்த பிறகுதான் கம்பி காதில் ஏறியது. அதற்குப் பிறகு இல்லத்தில் காது குத்தென்றால் மடி யாருடையது என்ற கேள்வியே எழவில்லை. கூடத்துச் சுவரில் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு குழந்தை ஒரே வாயாக அழுகிறது, ஒரே மீசை சிரிக்கிறது.

காளிச்சாமி எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். குழந்தைக்குத் தான் மாமன் என்றால், அதன் அம்மாவாக வருகிறவள் தனக்குத் தங்கை என்று கணக்குப் போட்டுக்கொண்டார். ஆகவே எந்த நாட்டிலிருந்து தத்தெடுக்க வந்தாலும், அந்தப் பெண்ணுக்கு முதல் நாளே பிறந்த வீட்டுச் சீர் போய்விடும். பாவம், அவர்கள் களைத்துப்போய் வந்து இறங்குவார்கள். ஓட்டுநர் ஏன் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் மல்லிகைப் பூவையும் தட்டில் வைத்து நீட்டுகிறார் என்று புரியாமல் கணவன் முகத்தைப் பார்ப்பார்கள். சண்முகப்பிரியா விளக்கிச் சொன்னதும் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். மீதிப் பேர் காளிச்சாமியின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்குவார்கள்.

அப்படிப் போன குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கின்றன. புதிதாகத் தத்தெடுக்கப் போகிறவர்களுக்குத் தைரியம் சொல்ல என்று ஆரம்பித்தது. அதில் காளிச்சாமியும் உண்டு. அவர்கள் எழுதுவது அவருக்குப் புரியாது, அவர் தமிழில் அனுப்பும் குரல் அவர்களுக்குப் புரியாது. அதனால் யாருக்கும் எந்தச் சிரமமும் இல்லை. பிள்ளைகள் வீடியோவில் வந்தால் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்கள். வேனின் ஹாரன். அவர் வேனுக்குள் போய் உட்கார்ந்து அடித்துக் காட்டுவார். ஸ்பெயினில் எழில் இப்போது நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள், தமிழ் மறந்துவிட்டாள். ஹாரன் மட்டும் மறக்கவில்லை.

இந்த நிலையில்தான் கயல்விழியின் முறை வந்தது.

கயலுக்கு நாலு வயது. கைக்குழந்தையாக இருந்ததிலிருந்தே காதில் சீழ் வரும் தொந்தரவு இருந்ததால் காது குத்துவதை மருத்துவர் தள்ளிப்போடச் சொல்லியிருந்தார். மற்றபடி வாயில் ஒரு குறையும் இல்லை. வேனில் முன் இருக்கை அவளுடையது. "மாமா, அந்த லாரிய முந்து" என்பாள். முந்தாவிட்டால் சுண்டுவிரலை நீட்டி டூ விட்டுவிடுவாள். அடுத்த வேகத்தடை வருவதற்குள் இரண்டு விரலைச் சேர்த்து நீட்டிப் பழம் விட்டுவிடுவாள். எல்லாக் குழந்தையும் காளிச்சாமிக்குப் பிள்ளைதான். ஆனாலும் இவள்மேல் அவருக்கு ஒரு பிடி கூடுதல் பாசம் என்பதை அவரே ஒப்புக்கொள்வார். அவளுக்கும் மாமன்தான் உலகம்.

அதுதான் சிக்கலாகப் போயிற்று.

இத்தாலியிலிருந்து நிக்கோலெத்தாவும் அவள் கணவன் புரூனோவும் வந்து சேர்ந்தார்கள். நிக்கோலெத்தா பள்ளிக்கூட ஆசிரியை, ஒல்லியான, வெட்கப்படுகிற பெண். பல வருடம் காத்திருந்து கிடைத்த குழந்தை. படம் காட்டி, வீடியோவில் பேச வைத்து, கயலை முன்பே பழக்கித்தான் இருந்தார்கள். வீடியோவில் கயல் நன்றாகத்தான் முத்தம் கொடுத்தாள். நேரில் வந்ததும் காளிச்சாமியின் வேட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். நிக்கோலெத்தா பந்து கொடுத்தால் அதை மாமனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஊட்டிவிட வந்தால் வாயை இறுக மூடிக்கொண்டாள். தூக்க வந்தால் வீறிட்டு அழுதாள்.

நம்மூரில் ஒரு குழந்தை அழுதால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டியதில்லை. அடுப்படியிலிருந்து மாசாணியம்மாள் கரண்டியோடு வருவார். ஆயாக்கள் ஆளுக்கொரு பக்கமிருந்து வருவார்கள். எல்லோருக்கும் முன்னால் காளிச்சாமி வந்து தூக்கிவிடுவார். எல்லாம் நல்ல எண்ணம்தான், ஒறம்பரையாக, விருந்தாளியாக வந்த பெண் சிரமப்படக் கூடாதே என்றுதான். ஆனால் இத்தனை கைகளைத் தாண்டி நிக்கோலெத்தாவின் கை குழந்தையிடம் போகவே முடியவில்லை. அவள் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொள்வாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

கிளம்பும் நாள் நெருங்கியது. குழந்தை இப்படியே இருந்தால் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டியதுதான் என்றார் சண்முகப்பிரியா. அது நியாயமும்கூட, அலறுகிற குழந்தையை விமானத்தில் தூக்கிப் போட்டு அனுப்ப முடியுமா? புரூனோ தலையாட்டினான். நிக்கோலெத்தா மட்டும், ஒருவேளை இந்தக் குழந்தைக்கு ஏற்ற அம்மா நான் இல்லையோ என்று கேட்டாள். சண்முகப்பிரியா அதைத் தமிழில் சொன்னபோது காளிச்சாமி பதறிவிட்டார்.

"அப்படியெல்லாஞ் சொல்லாதீங்க அம்மணி" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் ஸ்பெயினிலிருந்து எழிலின் அம்மா மார்த்தா நிக்கோலெத்தாவை வீடியோவில் கூப்பிட்டாள். குழுவில் நிக்கோலெத்தா போட்ட செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறாள். தன் வீட்டுக்கு வந்த புதிதில் எழில் செருப்பைத் தூக்கி எறிந்ததையும், மாமா மாமா என்று வாசல் கதவைத் தட்டியதையும், தான் குளியலறைக்குள் போய் அழுததையும் மார்த்தா சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "அந்த ஓட்டுநரோடு போட்டி போடாதே. அவரை யாராலும் ஜெயிக்க முடியாது" என்றாளாம். நிக்கோலெத்தா வந்ததிலிருந்து முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். பின்னாலிருந்து எழில் ஹாரன் அடிக்கச் சொல்லிக் கேட்டாள், காளிச்சாமி போய் அடித்துவிட்டு வந்தார்.

அந்தப் பேச்சு முடிந்ததும் நிக்கோலெத்தா எழுந்து சுவரிலிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாக் குழந்தையும் இருக்கிறதே, கயல் எங்கே என்று கேட்டாள். சண்முகப்பிரியா காரணத்தைச் சொன்னார். காது இப்போது சரியாகிவிட்டதல்லவா, மற்றவர்களுக்குக் கிடைத்தது என் மகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றாள் நிக்கோலெத்தா. என் மகள் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

மருத்துவர் பார்த்துவிட்டுச் சரி என்றார். காளிச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. போகிற பிள்ளையை ஒரு தடவை மடியில் வைத்துச் சீர் செய்து அனுப்பலாம் என்பதுதான் அவர் நினைத்தது. அதற்கு மேல் ஒரு யோசனையும் அவரிடம் இல்லை.

மறுநாள் காலையில் கூடத்தில் பவானி ஜமக்காளம் விரித்தார்கள். காளிச்சாமி சலவை வேட்டி சட்டையில் மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்தார். மாசாணியம்மாள் நிக்கோலெத்தாவுக்குச் சேலை கட்டிவிட்டு, தலை நிறையப் பூ வைத்து, மடிக்கு நேர் எதிரே உட்கார வைத்தார். மாமன் சீரை வாங்கிக்கொள்ள வேண்டியவள் அவள்தானே? கயலுக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை. மாமன் மடியில் ராணி மாதிரி உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். வாயில் வெல்லக் கட்டி.

சீனிவாசலு கெட்டிக்காரர். பேசிக்கொண்டே இருந்தவர், முதல் காதை அவள் சுதாரிப்பதற்குள் முடித்துவிட்டார். அதற்கப்புறம்தான் கூடம் அதிர்ந்தது.

இரண்டாவது காது சாமானியத்தில் நடக்கவில்லை. கயல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள், உதைத்தாள். "தலைய அசையாமப் புடிங்க" என்றார் சீனிவாசலு. காளிச்சாமி தன் இரண்டு கையாலும் அந்தச் சின்னத் தலையை இறுக்கிப் பிடித்தார். கயல், "மாமா, மாமா" என்று கத்தினாள். எந்த வலி வந்தாலும் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாமன்தான் இன்றைக்குத் தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. கண்ணை மட்டும் உயர்த்தி அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைக் காளிச்சாமி சாகும்வரை மறக்க மாட்டார்.

கம்பி ஏறியது. பிடி தளர்ந்ததும் கயல் மடியிலிருந்து குதித்தாள். காளிச்சாமி வழக்கம்போலக் கையை விரித்தார், அவள் திரும்பவில்லை. எதிரே, பூவும் சேலையுமாக உட்கார்ந்திருந்த நிக்கோலெத்தா குழந்தையைவிடப் பெரிதாக அழுதுகொண்டிருந்தாள். மூக்கெல்லாம் சிவந்து, கன்னமெல்லாம் நனைந்து, துடைக்கக்கூடத் தோன்றாமல். சுற்றியிருந்தவர்கள் சிரித்துக்கொண்டிருக்க, அந்தக் கூடத்தில் கயலோடு சேர்ந்து அழுதது அவள் ஒருத்திதான். கயல் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஆயாக்கள் எழுந்துவிட்டார்கள். மாசாணியம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரும் போகாதீங்க" என்றார் காளிச்சாமி. "சித்தெ அப்படியே இருங்க. அழட்டும். அவிங்க அம்மா பாத்துக்குவாங்க."

யாரும் போகவில்லை. நிக்கோலெத்தா இத்தாலிய மொழியில் என்னவோ முணுமுணுத்தாள், முதுகைத் தடவினாள், அழுதாள், ஆட்டினாள். அழுகை விம்மலானது, விம்மல் அடங்கியது. அடங்கியதும் கயல் தலையைத் தூக்கி, மாமனைப் பார்த்து, சுண்டுவிரலை நீட்டினாள்.

"உங்கூட டூ."

கூடமே சிரித்தது. காளிச்சாமியும் சிரித்தார்.

ஆனால் இந்த டூ வேகத்தடைக்குள் தீருகிற டூ அல்ல. அன்று முழுக்க அவள் நிக்கோலெத்தாவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை. காளிச்சாமி பக்கத்தில் வந்தால் முகத்தை அவள் தோளில் புதைத்துக்கொண்டாள். மத்தியானம் அரிசியும் பருப்பும் சாதத்தை நிக்கோலெத்தா ஊட்ட, மொத்தக் கிண்ணத்தையும் காலி செய்தாள். மாசாணியம்மாள் கதவு மறைவில் நின்று எண்ணி எண்ணிப் பூரித்தார். சண்முகப்பிரியா பயணத்தைத் தள்ளிவைக்கும் பேச்சையே விட்டுவிட்டார்.

காளிச்சாமி மட்டும் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"பாழாப்போன காது. இன்னொரு வருசம் பொறுத்துக் குத்தியிருக்கலாம்" என்றார்.

"பொறுத்திருந்தா அந்த அம்மணி வெறுங்கையோட போயிருப்பாங்க" என்றார் மாசாணியம்மாள். "வெசனப்படாம வண்டிய எடுங்க."

விமான நிலையத்துக்குப் போகும்போது முன் இருக்கை காலியாக இருந்தது. கயல் பின்னால் நிக்கோலெத்தா மடியில். அவிநாசி சாலையில் எத்தனையோ லாரிகளைக் காளிச்சாமி முந்தினார். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

வாசலில் இறக்கிவிட்டு நின்றபோது சண்முகப்பிரியாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "கயல், மாமாவுக்குப் பழம் விட்டுட்டுப் போ கண்ணு" என்று குனிந்தார். கயல் லேசாகத் திரும்பினாள். அவள் விரல்கள் அசைந்ததுபோல இருந்தது.

காளிச்சாமி சட்டென்று குறுக்கே வந்தார். "வேண்டாமுங்க மேடம். இப்பப் பழம் விட்டாள்னா என்ற கைக்குத் தாவிருவா. அப்புறம் அந்தக் கதவுக்குள்ள போக மாட்டா. டூவாவே போகட்டுமுங்க."

சண்முகப்பிரியா இதை மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்கும் நிலையிலும் அவர் இல்லை. மாசாணியம்மாள் சொல்லிக் கொடுத்திருந்ததை நிக்கோலெத்தா எழுத்துக் கூட்டிச் சொன்னாள்: "போயிட்டு வாரனுங்க, அண்ணா." காளிச்சாமி கும்பிட்டார். அவர்கள் உள்ளே போனார்கள். திரும்பி வரும் வழியில் சூலூர் பிரிவில் டீ குடிக்க நிறுத்தியபோது, அவர் கை அவரையறியாமல் முன் இருக்கையின் கதவைத் திறக்கப் போனது.

ஐப்பசி மழையெல்லாம் பெய்து ஓய்ந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் குழுவில் நிக்கோலெத்தா ஒரு படம் போட்டாள். கோபமாக நிற்கும் கயல், காதில் தோடு, நீட்டிய சுண்டுவிரல். கீழே ஏதோ நீளமாக எழுதியிருந்தாள். சண்முகப்பிரியா படித்துச் சொன்னார். இனிப்பு போதும் என்று தடுத்ததற்காகக் கயல் இப்படி விரலை நீட்டிவிட்டு, இரண்டு நாளாகப் பேச மறுக்கிறாளாம். இங்கே அண்ணாவிடம் கயல் இப்படிச் செய்ததை நிக்கோலெத்தா பார்த்திருக்கிறாளாம், அதற்குப் பிறகு அவரிடம் கயல் போகவே இல்லையாம். என்னையும் அவள் வெறுத்துவிட்டாளா என்று கேட்டிருந்தாள். அதற்குள் மார்த்தா, ஐஸ்பெட்டி ஊர்க்காரர்கள் என்று எல்லோரும் ஆறுதல் சொல்லிக் குவித்திருந்தார்கள். ஆனால் அந்த விரலுக்கு அவர்கள் யாருக்கும் அர்த்தம் தெரியவில்லை.

காளிச்சாமி வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு குரலைப் பதிந்தார். அப்படித் தனியாக உட்கார்ந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும்.

"அம்மணி, வெசனப்படாதீங்க. அது டூவுங்க. கண்டவங்ககிட்டயெல்லாம் புள்ளைக டூ விடாதுங்க. ரோட்டுல போறவங்ககூட யாராச்சும் டூ விடுவாங்களா? எங்க போனாலும் நம்மள விட்டுப் போக மாட்டாங்கன்னு தெரிஞ்சவங்ககிட்டத்தான் விடுமுங்க. உங்க கழுத்தக் கட்டுனப்பகூட எனக்குச் சந்தேகந்தானுங்க. இப்பத்தான் அவ உங்க புள்ளைன்னு உறுதியாச்சு. நீங்க ரெண்டு வெரலச் சேத்து நீட்டுங்க, அதுக்குப் பேரு பழம். மிச்சத்த அவ பாத்துக்குவா."

சண்முகப்பிரியா அதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். எழுதும்போது இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

காளிச்சாமி வேனிலேயே இருக்கும்போது கொஞ்ச நேரத்தில் வீடியோ அழைப்பு வந்தது. நிக்கோலெத்தா இரண்டு விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். கயல் முறைத்தாள், உதட்டைச் சுழித்தாள், பிறகு தன் இரண்டு விரலால் அதைத் தொட்டுவிட்டு அவள்மேல் விழுந்து கிச்சுக்கிச்சு மூட்டினாள். இருவரும் இத்தாலிய மொழியில் ஏதோ கத்திச் சிரித்தார்கள். அதெல்லாம் முடிந்த பிறகு நிக்கோலெத்தா போனைக் குழந்தையின் பக்கம் திருப்பினாள்.

கயல் திரையில் மாமனைப் பார்த்தாள். காளிச்சாமி போனை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். வேன் கதவருகே நின்ற மாசாணியம்மாள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். கயல் யோசித்தாள். கை மெதுவாகக் காதுக்குப் போய்த் தோட்டைத் தொட்டது. கண் இடுங்கியது. பிறகு, சிரிப்பை அடக்க முடியாமல் அடக்கிக்கொண்டு, சுண்டுவிரலை மட்டும் நீட்டினாள்.

காளிச்சாமி ஹாரனை அமுக்கிப் பிடித்தார். தறிச் சத்தத்தையும் மீறி அது தெரு முழுக்கக் கேட்டது. டீக்கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் வேனிலிருந்து இறங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லோரிடமும் சொன்னார்.

"எம் புள்ளையுங்க. எங்கூட இன்னும் டூதானுங்க."